நன்றியுரை சொன்னவர்

காலை இட்லியை முடித்ததும் கைப்பேசியைச் சன்னலோரம் சாய்த்து வைத்து உரை கேட்கிறேன். இப்போது எனக்கு வேறு வேலை இல்லை. உலகத்தின் ஏதோ ஒரு நகரத்து மேடையில் யாரோ கலையைப் பற்றியும் சுதந்திரத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். முடிந்ததும் அங்கே அரங்கமே கைதட்டுகிறது. விருத்தாசலத்தில், இந்த வீட்டில், கேட்க நான் ஒருவன்தான். மனைவி போய் ஆறு வருடமாகிறது. மகன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான்.

இப்படிப்பட்ட கூட்டத்தை ஒரு காலத்தில் நானே நடத்தினேன். கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. கடைவீதியில் ஜவுளிக்கடை மாடியில், மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடுவோம். முப்பது நாற்காலி, ஒரு மைக். பேச வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தி, நம்மூர்ப் பீங்கான் ஜாடி ஒன்றைக் கையில் கொடுப்போம். கடைசியில் நன்றியுரை. பேச வைக்க மனமில்லாத, ஆனால் விட்டுவிடவும் முடியாத ஆளுக்கு நன்றியுரையைத் தள்ளிவிடுவது கூட்டம் நடத்துகிறவர்களின் வழக்கம். நானும் அதைத்தான் செய்தேன்.

எங்கள் நன்றியுரைக்காரர் மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பாய். வளைகுடா நாடு ஒன்றில், ஓவியக் கூடத்தில் எட்டு வருடம் காவலாளியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊரில் அத்தரும் பேரீச்சம்பழமும் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். பேச்சாளரில் தொடங்கி மைக்செட்காரர், டீ கொண்டு வந்தவர், மாடியைப் பெருக்கிய அம்மா வரை ஒருவரையும் விடாமல் நன்றி சொல்வார்.

ஒருநாள் நாற்காலிகளை அடுக்கும்போது கேட்டார்.

"சார், நான் ஒரு நாளு பேசட்டுங்களா? அந்தப் படங்களப் பத்தி. எட்டு வருஷம் அதுங்க மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு நின்னேன்."

"பாக்கலாம் பாய்."

இரண்டு வருடம் பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருவழியாக ஒப்புக்கொண்டேன். 'நான் காவல் காத்த படங்கள்' என்று அவர் பெயரோடு அழைப்பிதழ் அச்சானது. அதற்குள் சென்னைப் பேராசிரியர் ஒருவர், திருச்சிக்குப் போகிற வழியில் அந்த ஞாயிறு இறங்கிப் பேசத் தயார் என்று சொல்லியனுப்பினார். அவர் பெயர் அச்சிட்ட துண்டுத்தாளை, பாயின் பெயர் மீது என் கையாலேயே பசை தடவி ஒட்டினேன். வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் இருந்த பெயர் தெரிந்தது.

பாய்க்கு மட்டும் அந்த அழைப்பிதழை அனுப்பவில்லை. ஞாயிறு மாலை மாடிப்படியில் நிறுத்திச் சொன்னேன்.

"அடுத்த மாசம் வச்சுக்கலாம் பாய். இன்னிக்கு நன்றியுரை மட்டும் சொல்லிடுங்க."

"சரிங்க சார்."

அவருக்குப் பின்னால், இரண்டு படி கீழே, அவர் மனைவியும் பள்ளிக்கூடம் படிக்கிற மகளும் நின்றிருந்தார்கள். பெருநாளைக்கு உடுத்துகிற உடையில் வந்திருந்தார்கள்.

கலைக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று பேராசிரியர் பேசினார். நான் முதல் ஆளாகக் கைதட்டினேன். பாய் எழுந்து எல்லோருக்கும் நன்றி சொன்னார், எனக்கும் சேர்த்து. அவர் சட்டைப் பையில் மடித்த தாள்கள் துருத்திக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. கொஞ்ச காலத்தில் கூட்டமும் நின்றுபோனது.

அவ்வளவு பெரிய பேராசிரியர் வரும்போது வேறு வழியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. ஓவியங்களைப் பற்றி அந்த மேடையில் எத்தனையோ முறை பேசியவன் நான். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. அவர் பார்த்திருந்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் கைப்பேசியில் கேட்ட உரை ஒன்றில் ஒரு பெண்மணி பேசினார். ஒரு படத்தை அதிக நேரம் பார்த்தவர் அதன் காவலாளியாகத்தான் இருப்பார் என்றார். அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. மறுநாள் ஒரு பொன்னாடையும் ஜாடியும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மங்கலம்பேட்டைக்குப் போனேன்.

கடை இருந்தது. பாயின் தாடி முழுக்க நரைத்திருந்தது.

"வாங்க சார். ரொம்ப எளச்சிட்டீங்களே. ஒக்காருங்க, டீ சொல்றேன்."

"தப்பு பண்ணிட்டேன் பாய்."

"அத வுடுங்க சார். எந்தக் காலத்துக் கதை."

"அன்னிக்குப் பேச இருந்தத இப்ப பேசுங்க. நான் ஒருத்தன் கேக்குறேன்."

அவர் சிரித்தார். "அது அன்னிக்கே பேசி முடிச்சாச்சு சார். திரும்பி வரப்ப, பஸ்ஸுல. வூட்டுக்காரங்க மூஞ்சத் தூக்கி வச்சிருந்தாங்க. பாப்பாதான், 'நீங்க பேசுங்க அத்தா, நாங்க கேக்குறோம்'னுச்சு. கண்டக்டரு டிக்கெட்டு குடுக்குறத வுட்டுட்டு நின்னு கேட்டாரு. எறங்குறப்ப பாப்பா எந்திரிச்சு நன்றியுரை வேற சொல்லுச்சு. டிரைவருக்கு, கண்டக்டருக்கு, பின்னாடி சீட்டுல கூடை வச்சிருந்த அம்மாவுக்கு."

"எனக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பேரீச்சம்பழப் பெட்டியை நேராக வைத்தார். "உங்களத்தான் வுட்டுட்டுது சார். சின்னப் புள்ளதான."

டீ வந்தது. குடித்தேன்.

"என்ன பேசுனீங்க பாய்?"

"இப்ப எங்க சார் ஞாபகம் இருக்குது. பையில என்ன, கனமா வச்சிருக்கீங்க?"

"துணி."

"பஸ்ஸு வருது பாருங்க. இத வுட்டா அடுத்தது முக்கா மணி நேரம்."

ஏறினேன். பின்சீட்டுதான் கிடைத்தது. விருத்தாசலம் வரும்வரை, பள்ளம் வரும்போதெல்லாம், ஜாடி உடைந்துவிடாமல் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.