விதைத்துவிட்டு உழும் ஊருக்கு வந்த பாதிரியார்

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிடாதீங்கடி. நீங்கள் மூன்று பேரும் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்... அப்பா கையில் கிடைத்தால் என் படிப்பு அவ்வளவுதான்.

திருச்சுழி பாதிரியார் ஐயா இறந்துவிட்டார். சாயங்காலம் பஸ்ஸில் கண்டக்டர் சொன்னார். நாளைக் காலை அடக்கம்.

நம் ஸ்கூல் பக்கத்துச் சின்ன சர்ச், வெள்ளை அங்கி, பழைய சைக்கிள்... உங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனால் அவர் மெட்ராஸில் பாதிரியாருக்குப் படிக்கிறவர்களுக்கு எபிரெய மொழி சொல்லிக்கொடுத்தவர். வேதத்துக்கு, அதாவது பைபிளுக்கு, விளக்கம் எழுதியவர்.

நான் பஸ்ஸுக்கு நிற்பது சர்ச் வாசலில்தானே. ஒருநாள் கேட்டேவிட்டேன். "இந்தக் காட்டுக்கு எதுக்குய்யா வந்தீக? பனிஷ்மெண்ட் டிரான்ஸ்ஃபரா?"

"கேட்டு வாங்குனதும்மா. வேதத்துல வர்ற ஊரும் இப்படி மழைக்கு ஏங்குன ஊருதான்."

அவருக்குப் பல வருஷச் சந்தேகம் ஒன்று. வேதத்தில் ஒருவன் விதைக்கிறான், கொஞ்சம் விதை நடைபாதையில் விழுகிறது. யாராவது பாதையில் விதைப்பார்களா?

"எங்கப்பாவும் அப்பிடித்தான்யா விதைப்பாக" என்றேன்.

மறுநாளே எங்கள் மானாவாரிக் காட்டில் வந்து நின்றார்!

"எங்களுக்கு மொதல்ல விதைப்பு, பெறகுதான் சாமி உழவு. ஏரு போனா பாதையும் காடுதான? இம்புட்டுப் படிச்சும் இது தெரியலையாக்கும்!" அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. ஐயா வெயிலில் நின்றபடியே எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பெரியப்பா ஆரம்பித்தார். "பிள்ளைய மதம் மாத்தி வேதத்துல சேத்துருவாக, பாத்துக்க."

"இனி அவருகூடப் பேசுன, ஸ்கூலு கெடையாது" என்றார் அப்பா. நான் ஐயாவைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வேன். அவரும் கூப்பிடமாட்டார்... சைக்கிள் மணியை மட்டும் ஒருமுறை அடிப்பார்.

போன மாசம் அவருடைய புத்தகம் தபாலில் வந்தது. ஒரு பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், இதை எனக்குச் சொன்னவர் என்று அப்பா பெயர், எங்கள் ஊர்ப் பெயர். நான்தான் வாசித்துக் காட்டினேன்.

அப்பா புத்தகத்தை வாங்கி, நிலப் பத்திரம் இருக்கிற டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

நாளை நான் ஸ்கூலில் இல்லாவிட்டால் சர்ச்சில் இருப்பேன். அப்பாவிடம் கேட்கத் தைரியமில்லை... கேட்காமலே போகிறேன்.

ஐயா, போயிட்டு வாங்க. நாளைக்குத் தலை குனிய மாட்டேன்...

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"தாயி, இன்னும் தூங்கலையா? மொதப் பஸ்ஸுக்கு எந்திரிக்கணும்ல. சாமி அடக்கத்துக்கு நானும் வாரேன்."