ஸ்டார் போல்ட்டில் ஆலன் கீ

நான் டயர் கடைக்காரன். பக்கத்துக் கடை மெக்கானிக்கை எல்லோரும் 'நட்டு அண்ணன்' என்பார்கள். 'நட்டு கழண்ட அண்ணன்' என்பது நான் வைத்தது. மனைவி இறந்த பிறகு கடைக்குப் பின்னாலேயே ஒற்றை அறையில் கிடக்கிறார். வண்டியைப் பற்றிக் கேட்டால்தான் வாய் திறக்கும். போல்ட் தலையில் இருப்பது ஆறுமூலைக் குழியா, நட்சத்திரக் குழியா என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். தப்பான சாவி போட்டுத் தலையை மழுக்கிக்கொண்டு எவனாவது வந்தால் அன்றைக்கு அவன் தொலைந்தான்.

அன்று அவர் மகள் வருவதாகப் போன் செய்திருந்தாள். டிரைவர் சீட் ஆடுகிறதாம். எத்தனையோ மாதம் கழித்து வருகிறாள். அண்ணன் காலையிலேயே இரண்டு பேருக்குச் சமைத்து, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். அவள் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கேட்டால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

அவள் ஓட்டிவந்த காரின் சீட்டுக்கு அடியில் இருந்தது நட்சத்திரக் குழி வைத்த ஸ்டார் போல்ட். அதற்குரிய பிட்டைப் போட்டு இறுக்கினால் ஒரு நிமிஷ வேலை. அவளும் கிளம்பிவிடுவாள். இவர் ஆறுமூலைக் குழிக்கான ஆலன் கீயை எடுத்தார். அது நட்சத்திரக் குழிக்குள் போகும், ஆனால் பிடிக்காது. முறுக்க முறுக்க முனையெல்லாம் மழுங்கிவிடும். மனுஷன் தெரிந்தேதான் முறுக்கினார்.

"தலை போச்சும்மா. கழட்டி வேற போடணும், நேரமாகும்" என்றார். காருக்குள் குனிந்தவர் அப்புறம் நிமிரவே இல்லை. மகள் கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, அப்பாகூட சாப்பிட்டுப் பேசிட்டு இருக்கலாம்னு லீவு போட்டுட்டு வந்தேன். அவருக்கு வேலைதான் பெருசு. வண்டிக்கு ஆள் அனுப்புறேன்னு சொல்லிடுங்க."

கையிலிருந்த டயரைப் போட்டுவிட்டு நான் எழுவதற்குள் வாடகைக் காரில் ஏறிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் நேரே போய் அவரைப் பிடித்தேன்.

"சாப்பிடத்தாண்ணே வந்திருக்கா. போன் போடுங்க, திரும்பி வந்துடுவா."

கிரீஸ் கையோடு போனை எடுத்தார். அவள் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கே அழுகை வந்துவிட்டது.

"என்னன்னு பேசுறது?" என்றார். "போல்ட்டு இன்னும் கழண்டு வரலியே."