பலாலியில் இறங்க அனுமதி கோரி

சனிக்கிழமை, காலை 8.20. ஜெர்மனியில், ஆஹென் நிலையத்தில் ரயில் ஏறினேன். வுப்பர்டாலுக்கு வண்டி மாற வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றிலும் மாதம் முழுக்கப் போய்வர அறுபத்து மூன்று யூரோவுக்கு மகன் எனக்கு ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தான். அவன் இங்கே பொறியியல் மேற்படிப்பு படிக்கிறான். தேர்வு நெருங்குகிறது. இருக்கிற ஒரே அறையில் அம்மா பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தால் படிப்பு ஓடாது என்று பார்த்தானோ என்னவோ, “நீ போயிட்டு வாம்மா, உன் எக்ஸ்பீரியன்ஸ் அவங்களுக்கு யூஸ் ஆகும்” என்று தயிர்சாத டப்பாவோடு அனுப்பிவைத்தான்.

என் அனுபவம் என்பது மீனம்பாக்கத்தில் இருபத்தொன்பது வருடம் ஒரு மேசை. வெளிநாட்டுத் தனியார் விமானம் நம் மண்ணில் இறங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கடிதங்கள் என் மேசைக்கு வரும். நான் பார்ப்பது மூன்றே விஷயம்: என்ன விமானம், எந்த வழி, எதற்கு. மூன்றும் சரியாக இருந்தால் மேலே அனுப்புவேன். இல்லையென்றால் திருப்பி அனுப்புவேன். ஓய்வுபெற்ற பிறகு இந்த வித்தையைக் கேட்டு ஈ காக்கைகூட எட்டிப் பார்த்ததில்லை. ஆகவே வுப்பர்டாலிலிருந்து அழைப்பு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அழைத்தவள் நிரோஜா. மகனுக்குத் தெரிந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த பெற்றோருக்கு வுப்பர்டாலில் பிறந்து, படித்து, பொறியாளராகி, விமானம் ஓட்டும் உரிமமும் வாங்கியிருக்கிறாள். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பழைய விமானத்தில் அப்பாவை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் பறப்பது அவள் திட்டம். சின்ன விமானம், கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை இறங்கி பெட்ரோல் போட வேண்டும். வழியில் ஒன்பது நாடுகள். எட்டு நாடுகள் அனுமதி கொடுத்துவிட்டன. ஒன்பதாவது, போய்ச் சேர வேண்டிய இலங்கை, இரண்டு மாதமாகப் பதில் சொல்லவில்லை.

டூசல்டார்ஃப் தாண்டும்போது எங்கள் அலுவலகத்துப் பழைய இரும்பு அலமாரி ஞாபகத்துக்கு வந்தது. துணியும் மரமுமாக விமானம் செய்த காலத்துக் கோப்புகள் அதில் இருந்தன. கண்டம் விட்டுக் கண்டம் பறக்கப் புறப்பட்டவர்களுக்குப் புயலையும் பாலைவனத்தையும்விடப் பெரிய தொல்லை கடிதம்தான். ஒரு கவர்னர் சரி என்பார், பக்கத்து நாட்டு மன்னர் மாட்டேன் என்பார். விமானி ஏதோ ஒரு விடுதியில் மாதக்கணக்கில் தபாலை எதிர்பார்த்துக் கிடப்பார். அதெல்லாம் மலையேறிவிட்டது என்று நினைத்திருந்தேன். பெரிய விமானத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கும் நமக்குத்தான் மலையேறியது. சின்ன விமானத்துக்கு உலகம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் வானத்தை ஒன்றுக்கொன்று அடைத்துவைத்திருக்கும் நேரத்தில் வம்பு வேண்டாமென்று, நிரோஜா கராச்சியை விட்டுவிட்டு மஸ்கட்டிலிருந்து நேராகக் கடலைத் தாண்டி இந்தியாவுக்கு வரப் போகிறாள். அதற்காகக் கூடுதலாக ஒரு பெட்ரோல் தொட்டி.

10.15. வுப்பர்டால். ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடும் ரயிலில் ஏழு நிறுத்தம், பிறகு பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிடம். மேட்டின் மேல் ஒரு புல்வெளி, நாலு தகரக் கொட்டகை, காபி விற்கும் ஒரு ஜன்னல். காபி இரண்டு யூரோ எண்பது சென்ட். சுடச்சுட இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நிரோஜா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “வாங்கோ அன்ரி. அப்பா காலமை தொட்டு உங்களைத்தான் கேட்டுக்கொண்டு நிக்கிறார்.”

கொட்டகைக்குள் மஞ்சள் நிற விமானம். என் கையால் தள்ளினாலே நகரும் போலிருந்தது. அதன் வயிற்றுக்கடியிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். சிவபாலன், நிரோஜாவின் அப்பா. சுத்தியல் குறடு செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். உடைந்து கிடந்த இந்த விமானத்தை மகளோடு சேர்ந்து நான்கு வருடமாகச் செப்பனிட்டவர். என்னைப் பார்க்கும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டார். கூச்சமோ என்று நினைத்தேன்.

“குறை நினைக்காதேங்கோ அக்கா. கண் நடுவிலை தெரியாது. ஓரத்தாலை பாத்தால் ஆளை வடிவாத் தெரியும். அடுத்த வருசம் அதுவும் இருக்குமோ எண்டு டொக்டருக்கே சொல்ல ஏலாது.”

இதற்காகத்தான் அவசரம். ஏன் சாதாரண விமானத்தில் போகக்கூடாது என்று கேட்டேன்.

“ரெண்டு தரம் போனனான் அக்கா. எங்கட காணி பலாலி ஓடுபாதைக்குத் தெற்காலை. கன காலம் ஆமி வச்சிருந்து இப்பதான் விட்டது. வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. எல்லாம் பத்தை. நிலத்திலை நிண்டு பாத்தால் ஒண்டும் பிடிபடேல்லை. கிணறுகள் மட்டும் அப்பிடியே கிடக்குதாம். மேலை இருந்து பாத்தால் கிணத்தை எண்ணி எங்கட வளவைப் பிடிக்கலாம்.” கையைத் துணியில் துடைத்தார். “தம்பியை அந்தக் கிணத்தடியிலைதான் குழி வெட்டித் தாட்டனாங்கள். ஷெல் விழுந்துகொண்டிருந்தது. சுடலைக்குக் கொண்டுபோக ஏலாமல் போச்சு.”

பேச்சை மாற்றத்தான் விண்ணப்பத்தைக் காட்டச் சொன்னேன். இங்குள்ள தமிழர் யாவருக்கும் விண்ணப்பம் என்றால் ‘அன்ட்ராக்’ என்ற ஜெர்மன் சொல்தான். நிரோஜா கோப்பை எடுத்து வந்தாள். மற்ற எட்டு நாடுகளுக்கும் அவளே எழுதியது ஒவ்வொரு பக்கம். இலங்கைக்கு அனுப்பியதைப் பார்த்ததும் எனக்கு மயக்கமே வந்தது. பதினொரு பக்கம். எதற்குப் பறக்கிறீர்கள் என்ற கேள்விக்கு எதிரே ‘இணைப்பைப் பார்க்கவும்’. இணைப்பில் முதல் ஷெல் விழுந்த காலையிலிருந்து எல்லாம் இருந்தது. வீட்டு வரைபடம், தம்பியின் பள்ளிக்கூடச் சான்றிதழ், படகு, கிழக்கு பேர்லின் எல்லாம்.

“சார், இதை யார் இப்படி எழுதச் சொன்னாங்க?”

“ஆரும் சொல்லேல்லை. எனக்குத் தெரியும். அந்த நாளிலை விசா இல்லாமல் எங்களை இறங்க விட்டது கிழக்கு பேர்லின்தான். இறங்கின கையோடை ரயில் ஏறி மேற்காலை வந்திட்டம். இஞ்சை விசாரணையிலை ஏன் வந்தனீர் எண்டு கேட்டினம். சண்டை, அதாலை வந்தனான் எண்டு சுருக்கமாச் சொன்னன். விவரம் காணாது எண்டு மறுத்துப்போட்டினம். ரெண்டாந்தரம் ஒண்டும் விடாமல் சொன்னன். ஏத்துக்கொண்டினம். எந்த அன்ட்ராக்குக்கும் முழுசாச் சொல்லவேணும் அக்கா.”

அகதியாக வந்த மனிதர் கற்றுக்கொண்ட பாடம் அது. ஆனால் என் மேசைக்கு இது வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இது நம் வேலை இல்லை என்று பாதுகாப்புத் துறைக்குத் தள்ளியிருப்பேன், அவர்கள் இன்னொரு துறைக்குத் தள்ளியிருப்பார்கள். அதைச் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. “அங்க மூணு கேள்விதான் சார். இவ்வளவையும் யாரும் படிக்கவே மாட்டாங்க” என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

“அப்ப நான் ஏன் வாறன் எண்டு அவைக்கு என்னெண்டு தெரியும்?”

“தெரிய வேண்டாம் சார்.”

“ஏன் எண்டு தெரியாமல் இறங்க விடுவினமோ?”

“அப்பத்தான் சார் விடுவாங்க.”

நிரோஜா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “அப்பா, நான் படிச்சனான்தானே” என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள். “அன்ரி, சித்தப்பாவைப் பற்றி அப்பா எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால் எழும்பிப் போயிடுவார். அன்ட்ராக் எண்டபடியாத்தான் சொன்னவர். அவர் சொல்லச் சொல்ல நான்தான் இங்கிலீஷிலை அடிச்சனான். பின்னேரம் பின்னேரமா ரெண்டு கிழமை.”

பகல் 1 மணி. தயிர்சாதத்தையும் அவர்கள் கொண்டுவந்த இடியப்பம், சொதியையும் பங்கு போட்டுச் சாப்பிட்ட பின் புதிய விண்ணப்பத்தை அடித்தோம். ஒரு பக்கம். எதற்கு என்ற இடத்தில்: ‘தனிப்பட்ட பயணம். வணிக நோக்கம் இல்லை.’ நிரோஜா காகிதத்தில் விரலை வைத்துக் காட்ட, சிவபாலன் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்து, கையெழுத்துப் போட்டார். அவருடைய தம்பியை விண்ணப்பத்திலிருந்து நானே நீக்கிவிட்டேன் என்ற குற்ற உணர்வோடு திரும்பும் ரயிலில் உட்கார்ந்திருந்தேன்.

பதினேழு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை. நான் சென்னைக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. காலையில் நிரோஜா போன் செய்தாள். அனுமதி வந்துவிட்டது. விடைபெற்றுக்கொண்ட மாதிரியும் இருக்கும் என்று அதே 8.20 வண்டியைப் பிடித்தேன்.

கொட்டகையில் இருவரும் நான் எதிர்பார்த்த மகிழ்ச்சியில் இல்லை. கடிதத்தை வாங்கிப் படித்தேன். பலாலியில் இறங்கலாம். விண்ணப்பத்தில் குறித்த தேதியிலிருந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள். பகல் வெளிச்சத்தில் மட்டும். கடைசி வரி: வானிலிருந்து படம் எடுக்கக் கூடாது. ராணுவம் இருக்கும் இடங்களுக்கு இது வழக்கமான நிபந்தனை. எங்கள் பழைய கோப்புகளிலும் காமிராவுக்கு முத்திரை வைக்கச் சொல்லிக் கடிதங்கள் உண்டு. எனக்கு அது ஒரு வரி. இவர்களுக்கு அதுதான் எல்லாம். இறங்கும்போது கிணறுகளைப் படமெடுத்து, பெரிய திரையில் பெரிதாக்கி அப்பாவுக்குக் காட்டுவதாகத்தான் நிரோஜா நினைத்திருந்தாள். இறங்கும் வழியில் அந்தக் காணி கண்ணில் படுவது இரண்டு நிமிடம். இந்தக் கண்ணோடு அவருக்கு அது போதாது.

“இன்னொருக்கா எழுதிக் கேப்பமோ அன்ரி?” என்றாள்.

“கேட்டா முழுசா திரும்பவும் பார்ப்பாங்கம்மா. இருக்கிறதும் போயிடும்.”

அவள் தலையாட்டினாள். எனக்குத் தெரிந்த வித்தை அத்தோடு தீர்ந்துபோனது. வெறும் கையோடு நிற்பது போல இருந்தது.

பிற்பகல் 3.10. பஸ் நிறுத்தம் வரை இருவரும் வழியனுப்ப வந்தார்கள். புறப்படுவது வருகிற வியாழன் என்றும், முதல் நாள் கிரேக்கம் வரை எட்டப் பார்ப்பதாகவும் நிரோஜா சொன்னாள். பஸ் தெருமுனையில் தெரிந்தபோது சிவபாலன் மகளைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, நீ எங்கை பாக்கவேணும்?”

“என்னப்பா?”

“இறங்கேக்கை. நீ எங்கை பாக்கவேணும்?”

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “கோயில் கேணியிலை இருந்து மேற்காலை எண்ணவேணும். முதலாவது வட்டக் கிணறு, மாமா வீட்டின்ரை. ரெண்டாவது சதுரம். மூண்டாவது தூர்ந்துபோனது, பள்ளமாத்தான் தெரியும். நாலாவது எங்கட. கிணத்துக் கட்டு ஒரு பக்கம் உடைஞ்சிருக்கும். உடைஞ்ச பக்கம் சித்தப்பா.”

அவர் முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால் அவளை முழுதாகப் பார்த்தார்.

“ஓம்” என்றார். “இனி எனக்குத் தெரியாட்டிலும் பரவாயில்லை.”