புரட்டிப் போடாத பொம்மை

செல்வநாயகி அம்மா மறைந்த செய்தி, அரியலூர் நீதிமன்றத்தில் ஒரு குறுக்கு விசாரணைக்காகக் காத்திருந்தபோது எனக்கு வந்தது. அழைத்தவர் அவருடைய கணவர் தங்கராசு, அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். "சார், அவ போயிட்டா சார். காபி கேட்டா. போட்டுட்டு வர்றதுக்குள்ள போயிட்டா" என்றார். வழக்கை ஒத்திவைக்கக் கேட்டுக்கொண்டு பெரம்பலூருக்குப் பேருந்து ஏறினேன். வழி நெடுக என் செல்போனில் அஞ்சலிகள் வந்துகொண்டே இருந்தன. 'தன்னம்பிக்கையின் சிகரம்.' 'பெண் தொழில்முனைவோரின் விடிவெள்ளி.' 'நம் ஊரின் பெருமை.' எழுதியவர்களில் சிலர் அவர் கையால் தைத்த பொம்மையைக் குச்சியில் தூக்கிவந்து அவர் கடை வாசலில் போட்டுவிட்டுப் போனவர்கள். இந்த அஞ்சலியை நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் அந்த வாசகங்களே. அம்மாவை அறிந்தவர்கள், நடந்ததையும் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

பெரம்பலூர் நீதிமன்றமொன்றில் அவர் தட்டச்சராக இருந்த காலத்திலிருந்தே எனக்குப் பழக்கம். மதிய உணவு இடைவேளையில் டிபன் பாக்ஸை மூடியதும் மேசை இழுப்பறையிலிருந்து வெட்டுத்துணியும் ஊசியும் வெளியே வரும். பள்ளிக்கூடப் பையில் பாடப்புத்தகத்தைவிடத் துண்டுத்துணியே அதிகம் சுமந்தவர் தாம் என்பார். ஒருமுறை கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அணிந்த ஒரு வக்கீல் பொம்மையைத் தைத்து மேசைமேல் உட்கார வைத்திருந்தார். அதன் தொப்பை எங்கள் வக்கீல்களுள் மூத்த ஒருவருடையது என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. அவரே வந்து பார்த்துவிட்டு, "மூக்கு சரியா வரலியே" என்று மட்டும் சொன்னார். "வாய்ல நிறைய நூல் செலவாயிருச்சு சார்" என்றார் அம்மா.

பணிக்காலம் மிச்சமிருக்கும்போதே விருப்ப ஓய்வு பெற்றுப் பொம்மைக் கடை வைக்கப்போவதாக அவர் அறிவித்த அன்று, அதே மூத்தவர் மனம் பொறுக்காமல் கேட்டார்: "கவர்மென்ட் சம்பளத்த விட்டுட்டு பொம்ம விக்கப் போறீங்களா?"

"ஆமா சார். இத்தன வருஷம் நீங்க எல்லாரும் சொன்ன பொய்ய நான் டைப் அடிச்சேன். இனிமே நான் தைக்கிற வாயாவது பேசாம இருக்கட்டும்."

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் கடை தொடங்கியது. பாடாலூரிலிருந்து கலாவும் ரஞ்சன்குடியிலிருந்து ரஷீதாவும் தைக்க வந்தார்கள். அம்மாவின் பொம்மைகள் மாநிறம் அல்லது கறுப்பு. ஒரு வாடிக்கையாளர், "கொஞ்சம் செவப்பா இல்லையாம்மா?" என்று கேட்டபோது நான் கடையில் இருந்தேன். அவர் இடுப்பில் இருந்த குழந்தையையும் பொம்மையையும் அம்மா மாறி மாறிப் பார்த்தார். "புள்ளைக்கு ஒரு அக்கா வேணும்னுதானே வந்தீங்க? இது அவ சாயல்ல இருக்கு. செவப்பு வேணும்னா ரெண்டு பேருக்கும் பவுடர் போட்டுக்குங்க" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

பின்னர் நடந்தது விளங்க, பொம்மை தைக்கும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். முதலில் தட்டையான துணியில் கண்ணும் வாயும் நூலால் பின்னப்படும். பிறகு முகம் உட்புறம் இருக்குமாறு முன்துணியையும் பின்துணியையும் சேர்த்து, விலகாதபடி சுற்றிலும் குண்டூசி குத்தித் தைப்பார்கள். சிறிது இடைவெளி விட்டு, அதன் வழியே முழுவதையும் புரட்டினால்தான் முகம் வெளியே வரும். அதன்பின் இலவம்பஞ்சு அடைப்பார்கள். புரட்டும்வரை அது முகமில்லாத, நூல் பிசிறிய, ஊசி குத்திய ஒரு துணியுருவம். அவ்வளவே.

கடைக் கட்டடத்தின் உரிமையாளர் அரியலூரில் புதுவீடு கட்டினார். சிமென்ட் லாரிகள் வைத்துத் தொழில் செய்பவர். அவர் பெயரை நான் எழுதவில்லை. சட்டம் குறித்த அச்சத்தால் அல்ல. செல்வநாயகி என்ற பெயர் இருக்கும் பக்கத்தில் அது இருக்கக் கூடாது என்பதால். புதுமனை புகுவிழாவுக்கு அம்மாவையும் அழைத்திருந்தார்கள். பால் காய்ச்சியதற்கும் பந்திக்கும் இடையே வெகுநேரம் இருந்ததால், அம்மா ஓர் அறையில் அமர்ந்து ஒரு பள்ளிக்காகத் தைத்துக்கொண்டிருந்த பொம்மைக்கு ஊசி குத்தி ஓரங்களைத் தைக்கத் தொடங்கினார். பந்திக்கு அழைத்தார்கள், எழுந்து போனார். வீடு திரும்பிப் பையைத் துழாவி, "ஒண்ணு கொறையுது" என்று கணவரிடம் சொன்னார். அந்த ஒன்று அந்தப் புதுவீட்டில் பரிசுப் பாத்திரங்களுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.

அடுத்த சில மாதங்களில் அந்த வீட்டாரின் லாரி ஒன்று ஜெயங்கொண்டம் சாலையில் கவிழ்ந்தது. மகனுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்தது. வீட்டு அம்மாளின் காலில் சர்க்கரைப் புண் ஆறவில்லை. இவற்றுள் எதற்கும் காரணம் தேடிப் போகத் தேவையில்லை. லாரியில் பாரம் அதிகம் என்று ஊரே சொன்னது. இந்நிலையில் பாத்திரங்களை நகர்த்தியபோது, முகமில்லாத, ஊசி குத்திய அந்த உருவம் கிடைத்தது. வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒருவர் அதைப் பார்த்ததும் செய்வினை என்றாராம். இதை நான் கேட்டறிந்தேனே ஒழியக் காணவில்லை.

நான் கண்டது, மறுவாரம் நடந்தது. உரிமையாளர் ஆட்களோடு கடைக்குள் புகுந்து, அலமாரியில் இருந்த பொம்மைகளை எல்லாம் முச்சந்தியில் குவித்துக் கற்பூரம் ஏற்றினார். நான் ஓடிவந்தபோது பொம்மைகளின் கம்பளிக் கூந்தல் கருகும் நாற்றம் தெரு முழுதும் இருந்தது. ரஷீதா அழுதுகொண்டிருந்தார். அம்மா அழவில்லை. "அது சாயம் போகாத நூலுடா, பாவிகளா" என்றார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். ஒரு வங்கி அதிகாரி, இரண்டு ஆசிரியர்கள், எனக்கு நன்கு அறிமுகமான ஒரு மருந்துக்கடைக்காரர். அனைவரும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட முன்னே வரவில்லை.

அதன்பின் பொம்மைகள் திரும்பி வரத் தொடங்கின. குழந்தைகள் தூங்கும்போது கட்டிப்பிடித்திருந்த பொம்மைகள், பாலிதீன் பையில் கட்டப்பட்டு, வேப்பிலை செருகப்பட்டு, குச்சி நுனியில் தொங்கிக் கடை வாசலுக்கு வந்தன. கொண்டுவந்த ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே வாசகத்தைத்தான் சொன்னார்கள்: "எங்களுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லம்மா. எதுக்கும் இருக்கட்டும்னுதான்." செய்வினையை உண்மையாகவே நம்பி அஞ்சுகிறவனை நான் புரிந்துகொள்ள முயல்வேன். நம்பாமலே, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பெண்ணின் பிழைப்பை மிதித்துவிட்டுப் போகிறவனைப் புரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

புகார் கொடுத்தோம். காவல் நிலையத்தில் இரு தரப்பையும் வரச்சொன்னார்கள். உரிமையாளர் தரப்பு அந்த உருவத்தைச் செய்தித்தாளில் வைத்துக் கொண்டுவந்தது. வாசலிலேயே தலைமைக் காவலர் தடுத்தார். "அத உள்ள எடுத்தாராதீங்க. மரத்தடியில வைங்க. விசாரணைய இங்கயே வச்சுக்கலாம்." ஆகவே, அரசின் மேசை நாற்காலிகள் ஒரு துணித்துண்டுக்குப் பயந்து வேப்பமரத்தடிக்கு வந்தன.

அம்மா யாரிடமும் கேட்கவில்லை. குனிந்து அதை எடுத்தார். குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவித் தம் முந்தானை ஓரத்தில் குத்திக்கொண்டார். கைப்பையில் இருந்த ஊசிநூலால் திறந்திருந்த பக்கத்தைத் தைத்து முடித்தார். பிறகு இடைவெளியில் விரலை விட்டு மெதுவாகப் புரட்டினார். கை வந்தது, கால் வந்தது, கடைசியில் தலை வந்தது. சிறு பெண் ஒருத்தியின் மாநிற முகம், நெற்றியில் பொட்டு, சற்றே கோணலான சிரிப்பு. உதவி ஆய்வாளராக இருந்த இளம்பெண் தம்மை மறந்து, "அட" என்றார். வழக்கு அத்துடன் முடிந்தது என்றே நான் நினைத்தேன். இத்தனை ஆண்டுகளில் இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

அப்போது உரிமையாளரின் மனைவி தம் கணவரிடம் சொன்னார்: "பாத்தீங்களா? மூஞ்சிய உள்ள ஒளிச்சு வச்சிருக்கா."

உரிமையாளர் தலையாட்டினார். அவர்களோடு வந்தவர்களும் ஆட்டினார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிங்க சார். இவங்க கண்ணுக்கு இதுக்கு மேல புரட்ட என்கிட்ட துணி இல்ல" என்றார்.

கடையைக் காலி செய்விக்க அவர்கள் முயன்றதற்கு எதிராக உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றோம். வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. அம்மா, கலா, ரஷீதா மூவரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்தின் பெயரில் நீண்டகால வாடகை ஒப்பந்தம் எழுதப்பட்டது, உரிமையாளரும் கையெழுத்திட்டார். ஒரு பங்குதாரர் இறந்தாலும் நிறுவனம் தொடரும் என்ற விதியை அம்மா வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னார். "எனக்கு என்ன ஆனாலும் அந்தப் புள்ளைங்கள இந்தாளு தெருவுல நிறுத்தக் கூடாது" என்றார்.

ஆனால் ஒப்பந்தம் வாடிக்கையாளரைக் கொண்டுவராது. ஓராண்டுக்கு மேல் உள்ளூரில் விற்பனை இல்லை. அம்மா தையல் மிஷினைக் கடை வாசலுக்கு நகர்த்தினார். எல்லார் கண்ணிலும் படுமாறு முகத்தை உள்ளே வைத்து, ஊசி குத்தி, தைத்து, புரட்டினார். பெரியவர்கள் எதிர்ப்புறத்துக்கு விலகி நடந்தார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் நின்றார்கள். எந்த முகம் வெளியே வரும் என்று அவர்களுக்குள் பந்தயம் நடந்தது. அதைக் கலா செல்போனில் படம்பிடித்துப் போட, கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆர்டர்கள் வந்தன. வெளியூர் வாங்குகிறது என்று தெரிந்ததும் உள்ளூரும் வந்தது.

அப்போது அம்மா ஒரு முடிவு எடுத்தார். பொம்மையைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு மறுபடி விற்பதில்லை. ஒருவர் முகமும் அவருக்கு மறக்கவில்லை. தாமும் ஒன்றைத் திருப்பித் தந்திருந்த அந்த மருந்துக்கடைக்காரர் பேத்தியின் பிறந்தநாளுக்கு வந்து நின்றார்.

"உங்களுக்கு இல்லீங்க."

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு..."

"வச்சுக்கிட்டுதான் இருக்கேன். எதுக்கும் இருக்கட்டும்னு."

அவர் போன பிறகு நான், வியாபாரம் என்றால் எல்லாருக்கும் விற்கத்தானே வேண்டும் என்றேன். அம்மா பாபினில் நூல் சுற்றுவதை நிறுத்தாமல் சொன்னார்: "கடை என்னுது சார். அருவருப்பும் என்னுதுதான். சகிச்சுக்கிறது பெரிய குணம்னு சொல்லுவாங்க. ஈரத்துணிய மடிச்சு வச்சா என்ன ஆகும்? நாத்தம்தான் வரும்."

இறுதிச் சடங்குக்கு உரிமையாளர் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். "எங்க கட்டடத்துக்கே ராசியான கை அந்தம்மாவுக்கு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். பின்னர் தங்கராசுவைச் சற்று ஒதுக்கி அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். நான் அருகில்தான் நின்றேன்.

"காரியமெல்லாம் முடியட்டும், அவசரமில்ல. சாவிய மட்டும் முன்னாடியே குடுத்துட்டா பெயின்ட் அடிக்க வசதியா இருக்கும்."

ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில் இருப்பதை அவர் அறியாதவர் அல்லர். அம்மா இல்லாத இடத்தில் மற்ற இருவரும் பயந்துவிடுவார்கள் என்று கணக்கிட்டே கேட்டார். பிணம் இன்னும் எடுக்கப்படவில்லை.

தங்கராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாவி எங்கிட்ட இல்லீங்க. அந்தா உக்காந்திருக்கு பாருங்க கலா, அதுகிட்ட கேளுங்க."

கலா அம்மாவின் கால்மாட்டில் அமர்ந்திருந்தார். கேள்வி அவருக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. எழுந்திருக்காமலே சொன்னார்: "நாளன்னைக்குக் கடை தொறக்குறோம்ங்க. பெயின்ட் நாங்களே அடிச்சுக்கிறோம்."

ரஷீதா ஆமோதித்துத் தலையசைத்தார்.

உரிமையாளர் திரும்பி, எதுவும் நடவாதது போல என்னைப் பார்த்துக் கைகூப்பினார். எதிர்த்தரப்பினருக்கும் பதில் வணக்கம் சொல்லியே தொழில் செய்துவந்தவன் நான். எவரிடமும் வெறுப்பைக் காட்டாதிருப்பதை ஒரு தகுதியாகவே கருதியிருந்தேன். அன்று என் கைகள் முதுகுக்குப் பின்னால் கோத்தபடியே இருந்தன. அவர் கூப்பிய கைகளோடு சற்று நேரம் நின்றார். பிறகு அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே வெளியேறினார்.

அம்மாவின் தொழில் அந்த இரு பெண்களிடம் இருக்கிறது. அவருடைய அருவருப்பில் ஒரு பங்கு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதைத் தணித்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.

கடை திறந்திருக்கிறது. வாங்க விரும்புவோர் போகலாம். முன்பு திருப்பிக் கொடுத்தவர்கள் சிரமப்பட வேண்டாம். கலாவுக்கும் உங்கள் முகங்கள் நினைவிருக்கின்றன.