தட்டாமல் வந்த ஜி டிரைவ்

"பெட்டிக்குள்ள ஒரு டிஸ்க்குதான இருக்கு? அப்ப ஜி-ல யாரு இருக்கா?"

கம்ப்யூட்டரைக் கழற்றித் தூசி துடைத்த அன்று, திரையில் சி, ஜி என்று இரண்டு டிஸ்க் காட்டுவதை நினைத்துக் காவ்யஸ்ரீ கேட்டாள். அவள் அப்பா ஜனகராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. கடையில் வேலை பார்த்த சிவபாண்டி சிரித்தான். "நாந்தான் பாப்பா இருக்கேன்."

இது மதுரை கோரிப்பாளையத்தில், ஜனகராஜின் போட்டோக் கடையில் நடந்தது. ஜனகராஜ் விளையாட்டுக்கும் பொய் சொல்லாதவர்.

1999 சித்திரையில், மாட்டுத்தாவணி அருகே லாரி மோதி சிவபாண்டி இறந்தான். மறுநாளே ஜி டிரைவையும் காணவில்லை. அந்த டிஸ்க் கெட்டுவிட்டது என்று ஜனகராஜ் விட்டுவிட்டார்.

ஜூன் 18. மதியம் 2.10-க்குக் கரண்ட் போனது. 2.40-க்கு வந்தது. ஜனகராஜ் கம்ப்யூட்டரைப் போட்டார்.

திரையில் ஜி இருந்தது.

வாசலில், மகள் படத்தைக் கொடுத்திருந்த ஒச்சாயி நின்றாள். "அண்ணே, எம்மக படம்? தம்பி பத்திரமாத் தாரேன்னு சத்தியம் பண்ணுச்சே."

மூன்று வயதில் இறந்த தமிழ்வாணி. இருந்தது ஒரே படம். கரையான் அரித்த அது, சிவபாண்டி ஸ்கேன் செய்த அன்றே உதிர்ந்துவிட்டது.

பிரிண்ட் போட டிஸ்க்கில் இடமில்லை. பார்த்தார். சி-யில் இருந்த படங்களெல்லாம், தமிழ்வாணி படம் உட்பட, ஜி-யிலும் இருந்தன. அப்படியானால் சி-யில் இருப்பதை அழித்துவிடலாம்...

கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினார். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. 'ஒய்' என்றால் ஆம். 'என்' என்றால் வேண்டாம்.

விரலை நீட்டினார்.

டக்.

என்.

அவர் தொடவில்லை.

மறுபடி தட்டினார்.

டக்... என்.

கீபோர்டில் 'என்' கட்டை தானாக அமுங்கி எழுந்தது.

மெக்கானிக் ராஜகுரு வந்து பெட்டியைத் திறந்தார். "ரெண்டாவது டிஸ்க்கே இல்லண்ணே. சி-ல இருக்க பட ஃபோல்டருக்குத்தான் ஜி-ன்னு பேரு வச்சிருக்கு. அங்க அழிச்சா இங்கயும் போயிரும். நல்லவேள!"

"பேரு வச்சது சிவபாண்டி..."

"மெஷின் அணஞ்சாலே அந்தப் பேரும் போயிரும்ணே. ஒவ்வொரு தடவையும் கையால தட்டணும். இன்னைக்குத் தட்டுனது யாரு?"



ராஜகுரு வேண்டாத கோப்புகளை நீக்கி இடம் பண்ணினார். 5.20-க்குப் படம் வந்தது. ஒச்சாயி அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "தம்பி எங்கண்ணே? ஒரு வார்த்த நல்லா இருய்யான்னு சொல்லணும்."

"நான் சொல்லிர்றேம்மா."

மறுநாள் காலை 8.15. பாதி திறந்த ஷட்டருக்குள் ஜனகராஜ் மட்டும். ராஜகுரு எழுதிக் கொடுத்த வரியை ஒற்றை விரலால் தட்டினார். ஜி வந்தது.

"நல்லா இருய்யான்னு சொல்லிட்டுப் போச்சுடா அந்தம்மா. இனி நான் தட்டிக்கிறேன். நீ அலையாத."

அதன்பின் ஒருநாளும் ஜி தானாக வரவில்லை.