காப்பு கட்டிய ஊரும் இரண்டு விசாரணைகளும்

செங்கல் சூளை, போர்வெல் லாரி, பெங்களூரில் ஓட்டல், ஓசூரில் ரோஜாத் தோட்டம் என்று நான் விட்ட வேலைகள் நிறைய. ஒன்பதாம் வகுப்பையே பாதியில் விட்டவனுக்கு வேலையை விடுவது பெரிய காரியமா? துணியைப் பையில் திணித்தால் முடிந்தது. ஆனால் என்னை வெளியே அனுப்பிய இடம் ஒன்றே ஒன்று. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையம். நான் விடவே கூடாது என்று நினைத்த வேலையும் அது ஒன்றுதான்.

காரணம் என் மனைவி. பெண்கள் இருவரையும் பள்ளியில் சேர்த்த அன்றே சொல்லிவிட்டாள்: "இனி ஒரு ஊருக்கும் சட்டி தூக்கிக்கிட்டு வர மாட்டேங்க. உங்களுக்குக் கால் அரிச்சா நீங்க மட்டும் போங்க."

நிலையத்தில் இரண்டாம் ஷிப்டுக்கு, வாட்ச்மேனைத் தவிர, நான் ஒருவன்தான். வேலை முடிந்ததும் அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டும். பால் வண்டி விடியலில் எப்போது வரும் என்று தெரியாது. வந்ததும் இறக்க வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. வீட்டைவிட அங்கே கொசு குறைவு.

மாரியம்மன் பண்டிகையில்தான் சிக்கல் வந்தது. எங்கள் ஊரில் காப்பு கட்டிவிட்டால், பண்டிகை முடியும்வரை யாரும் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். படுக்க ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் ஊரிலுள்ள நாலைந்து கிறிஸ்தவ வீடுகளும் அதை மீறியதில்லை. எங்கள் மாதா தேரை இழுக்க மற்ற வீட்டுக்காரர்களும்தான் வருகிறார்கள். மேலாளரிடம் விடுப்பு கேட்டேன், பகல் ஷிப்ட் கேட்டேன். இரண்டும் கிடைக்கவில்லை. வேலை முடிந்ததும் சைக்கிளில் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு, விடியுமுன் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வண்டி என்னை முந்திவிட்டது. பால் கெடவில்லை. ஓட்டுநரின் வாய்தான் கெட்டது.

மெமோ வந்தது, பின்னாலேயே விசாரணையும். கம்பெனி அமர்த்திய தர்மபுரி வக்கீல் ஒருவர் எல்லோரையும் விசாரித்தார். நான் போனது உண்மைதான், ஆனால் முன்பே விடுப்பு கேட்டிருக்கிறேன், எச்சரித்து விட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி அதை ஒதுக்கிவிட்டு, ஓசூரிலிருந்து வேறொருவரை வரவழைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

"நீ கிறிஸ்டியன்தானே? மாரியம்மன் காப்புக்கும் உனக்கும் என்னப்பா?" என்றார் புதியவர்.

"காப்பு ஊருக்குக் கட்டறதுங்க. என் வூடு ஊருக்குள்ளதான இருக்குதுங்க."

"மீறுனா என்ன ஆகும்?"

"ஒன்னும் ஆவாதுங்க."

"அப்ப சாமிக்குப் பயப்படல, ஊருக்குப் பயப்படற."

"பயம் இல்லைங்க. நாளைக்கும் அவங்க மொகத்துலதான முழிக்கணும்."

அவர் சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார். குற்றம் நிரூபணம் என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு வேலை போயிற்று.

தொழிலாளர் அலுவலரிடம் நடந்த சமரசப் பேச்சு முறிந்து, வழக்கு சேலம் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. வாய்தா இல்லாத நாட்களில் மாரண்டஹள்ளியில் தக்காளிக் கூடை தூக்கினேன். நடுவில் போர்வெல் லாரிக் கூட்டாளி ஒருவன் போன் செய்து, "ராஜஸ்தான் போறோம், வர்றியா?" என்றான். கால் அரித்தது உண்மை. மனைவி ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்து அரிசிப் பானைக்கு மூடியாகக் கவிழ்த்தாள். நான் போகவில்லை.

என் வழக்கறிஞர் ஒரு பெண். முதல் நாளே கேட்டார்: "ரெண்டாவது விசாரணை எதுக்கு வெச்சாங்க?"

"மொதல்ல வந்தது அவங்களுக்குப் புடிக்கலைங்க."

"அதத்தான் அவங்க வாயால சொல்ல வைக்கணும்" என்றார்.

மேலாளர் கூண்டில் ஏறியபோது என் வழக்கறிஞர் கேட்டது ஒரே கேள்விதான். முதல் விசாரணையில் என்ன குறை?

மேலாளர் பொய் சொல்லப் பழகாதவர். "கொறை ஒன்னும் இல்லைங்க மேடம். முடிவுதான் எங்களுக்குத் தோதா இல்ல."

அவருடைய வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வேப்பமரத்தடியில் மேலாளர் என்னிடம் வந்து, "ஏம்பா, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டனா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. சரியாத்தான் சொன்னீங்க."

தீர்ப்பு வந்தது. குறையில்லாத விசாரணையை, முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகத் திரும்ப நடத்த முடியாது, நீக்கம் செல்லாது, பணித் தொடர்ச்சியோடு வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சொல்லாமல் போனதற்கு எனக்கு ஓர் எச்சரிக்கை. கம்பெனி ஐகோர்ட்டுக்குப் போகும் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதையும் சொன்னேன்.

"அவங்க சென்னைக்குப் போவட்டும்" என்றாள், அடுப்பைப் பார்த்தபடி. "நாம எங்கயும் போவல இல்ல?"

இல்லை என்றேன். மறுநாள் காலை வேலைக்குப் போனேன். நிலையத்தின் கேட்டில் வாட்ச்மேன் உள்ளே போன் செய்து கேட்கும்வரை வெளியே நிற்க வைத்தான். எனக்குப் பின்னால் பால் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.