பாசாரில் வாங்கிய நான்கு மீன்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ரெம்பியாவுக்கு அருகில், ஆற்றை ஒட்டிய எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறோம். ஆற்றுத் தண்ணீர் அடிக்கடி நிறம் மாறி நாறியது. மீன்களில் நச்சு ரசாயனம் சேர்ந்திருக்கிறதா என்று ஆராய ஒரு பல்கலைக்கழக மாணவி வந்தாள். என் கணவர் தூண்டில் போடுபவர். ஆற்றில் பிடித்த ஆறு மீன்கள் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் மீன் வாங்க வந்த அன்று இரண்டு விரால்தான் இருந்தன. வீடு தேடி வந்த பிள்ளையைக் குறையோடு அனுப்ப எனக்குக் கூச்சம். காலையில் டவுன் பாசாரில், மீன் கடையில் வாங்கிய நான்கு திலாப்பியா மீன்களையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். மீன் மீன்தானே என்று நினைத்தேன். அவள் ஒவ்வொரு பையிலும் ஆற்றின் பெயரை எழுதியபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து எஸ்டேட் மண்டபத்தில் கூட்டம். விராலில் நச்சு அதிகம், சாப்பிட வேண்டாம் என்றாள் மாணவி. திலாப்பியா நான்கும் சுத்தமாக இருந்ததால் அதைச் சாப்பிடலாம் என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பக்கத்தில் அடுத்த வீட்டுக்காரி. அவள் மகளுக்கு ஆபரேஷனில் குழந்தை பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. பயந்துபோய் ஆற்று மீனையே நிறுத்தி வைத்திருந்தாள். என் தொடையைத் தட்டினாள்.

"அப்பாடா. நாளைக்கு அண்ணன நாலு திலாப்பியா பிடிச்சுத் தரச் சொல்லுக்கா. மகளுக்குப் பால் ஊறட்டும்லா."

பள்ளியில்கூட நான் எழுந்து பதில் சொன்னவள் இல்லை. கூட்டம் முடிந்து மாணவியிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அதற்குள் ஆட்கள் கிளம்பத் தொடங்கினார்கள். வாசலைத் தாண்டிவிட்டால் எத்தனை வீட்டுக்குப் போய்ச் சொல்வது? நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"அந்த நாலும் ஆத்து மீன் இல்லம்மா. நான் பாசார்ல வாங்குனது."

"அப்ப பாசார் மீனு நல்ல மீனுலா" என்றார் பின்வரிசையில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். மாணவி சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளையே பார்த்தபடி நின்றாள். பிறகு எல்லோரையும் உட்காரச் சொல்லி, மறுபடி சோதிக்கும்வரை ஆற்றில் எந்த மீனும் வேண்டாம் என்றாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். நேரில் நின்று பார்த்து வாங்காதது தன் தவறு என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் அவளே கரையில் நின்று, என் கணவர் பிடித்த திலாப்பியாவை வாங்கிப்போனாள். அதிலும் நச்சு இருந்தது.

அந்தக் குழந்தை இப்போது எங்கள் வாசலில்தான் ஓடி விளையாடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இரண்டுதான் இருக்கிறது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று மனம் இன்னும் அடித்துக்கொள்கிறது.